வெஞ்சுரி மீட்டர் சோதனையில் குணகம் 3.44 வருகிறது: எங்கே தவறு?

கேள்வி (குடிசார் பொறியியல், இரண்டாம் ஆண்டு)

ஐயா, வணக்கம். கிடைமட்டமாகப் பொருத்தப்பட்ட வெஞ்சுரி மீட்டரில் (குழாயில் ஓடும் நீரின் அளவைக் காண உதவும், நடுவில் குறுகிய குழாய்க் கருவி) நேற்று சோதனை செய்தோம். அதன் நுழைவாயில் விட்டம் 40 மி.மீ., தொண்டையின் (நடுவிலுள்ள குறுகிய பகுதியின்) விட்டம் 20 மி.மீ. வால்வை நன்றாகத் திறந்தபோது அவ்விரு இடங்களின் அழுத்த வேறுபாட்டைக் காட்டும் பாதரச மேனோமீட்டரின் (U வடிவக் குழாய்) இரு புயங்களுக்கும் இடையே 10 செ.மீ. மட்ட வேறுபாடு இருந்தது. 50 செ.மீ. பக்கமுள்ள சதுரத் தொட்டியில் நீர் 10 செ.மீ. உயர 16 நொடிகள் ஆயின. அதாவது நொடிக்கு 1.5625 லிட்டர். ஆனால் மட்ட வேறுபாட்டை 0.1 மீட்டர் என்று சூத்திரத்தில் இட்டால் கோட்பாட்டு ஓட்டம் 0.4545 லிட்டர்தான் வருகிறது. வெளியேற்றக் குணகம் (உண்மை ஓட்டத்தைக் கோட்பாட்டு ஓட்டத்தால் வகுத்தால் வருவது) 1-ஐத் தாண்டாது என்று வகுப்பில் சொன்னார்கள், எனக்கோ 3.44! வேறுபாட்டை 13.6-ஆல் பெருக்கிய நண்பருக்கு 0.93 கிடைத்தது. ரெக்கார்டில் எதை எழுதுவது? மேலும், குறுகிய இடத்தில் நீர் நெருக்கப்படுவதால் அழுத்தம் கூடத்தானே வேண்டும், ஏன் குறைகிறது?

பதில் 1

இரண்டுமே சரியல்ல, ஆனால் உங்கள் நண்பர் விடைக்கு அருகில் இருக்கிறார்.

சூத்திரம் கேட்பது, ஓடுகின்ற பாய்மத்தின் தம்ப உயரத்தை. ஓடுவது நீர், நீங்கள் இட்டதோ பாதரசத்தின் உயரம். பாதரசம் நீரைப்போல் 13.6 மடங்கு அடர்த்தியானது என்பதால் 13.6-ஆல் பெருக்கத் தோன்றுவது இயல்பே. ஆனால் பாதரசம் தாழ்ந்திருக்கும் புயத்தில், அந்த 10 செ.மீ. இடம் வெறுமையாக இல்லை; அங்கே நீர் நிற்கிறது. ஒரு பக்கம் 10 செ.மீ. பாதரசமும் மறுபக்கம் 10 செ.மீ. நீரும் எதிரெதிரே நிற்பதால், அழுத்த வேறுபாடு அவ்விரண்டின் எடை வேறுபாட்டுக்கே சமம். ஆகவே 13.6-லிருந்து 1-ஐக் கழித்து 12.6-ஆல் பெருக்க வேண்டும். நீர்த்தம்பம் 1.26 மீட்டர், கோட்பாட்டு ஓட்டம் 1.613 லிட்டர், குணகம் 0.97. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) பெரும்பாலும் கேட்கப்படும் கேள்வி இதுதான். எண்ணை மனப்பாடம் செய்யாமல் அந்த நீரை நினைவில் வையுங்கள்.

அழுத்தம் குறைவதை இப்படிப் பாருங்கள். நுழைவாயிலில் நொடிக்கு 1.24 மீட்டர் வேகத்தில் வந்த நீர் தொண்டையில் 4.97 மீட்டர் வேகத்தை அடைகிறது. இடையில் வேகம் கூட வேண்டுமானால் அதை முன்னோக்கித் தள்ள ஒரு விசை வேண்டும். கிடைமட்டக் குழாயில் பின்னாலுள்ள அழுத்தம் முன்னாலுள்ளதைவிட மிகுந்திருந்தால்தான் அவ்விசை கிடைக்கும். 'நெருக்கம்' என்ற சொல் கூட்ட நெரிசலை நினைவூட்டி நம்மை ஏமாற்றுகிறது. நெரிசலில் மனிதர்கள் வேகம் குறைகிறார்கள், நீரோ வேகம் கூடுகிறது.

இவ்வேக மாற்றத்துக்குத் தேவையான நீர்த்தம்பம் 1.18 மீட்டர்; மேனோமீட்டர் காட்டியது 1.26 மீட்டர். எஞ்சிய 8 செ.மீ. பெரும்பாலும் உராய்வில் போன ஆற்றல். குணகம் 1-க்குக் கீழே நிற்பது இதனால்தான்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி, ஐயா. 12.6-ஐக் கொண்டு எல்லா அளவீடுகளையும் மீண்டும் கணக்கிட்டேன். ஆனால் வால்வைச் சிறிதே திறந்தபோது மட்ட வேறுபாடு 1 செ.மீ., தொட்டியில் அதே 10 செ.மீ. உயர 55 நொடிகள், குணகம் 0.89 என்று இறங்கிவிடுகிறது. இதையும் சராசரியில் சேர்க்கலாமா?

பதில் 2

சேர்ப்பதற்கு முன் கருவியைச் சோதியுங்கள். ஓட்டம் குறையும்போது குணகம் சற்றுக் குறைவது உண்மையே. ஆனால் இவ்வளவு இறக்கத்துக்கு முதலில் அளவீட்டையே ஐயப்பட வேண்டும். கோட்பாட்டு ஓட்டம் மட்ட வேறுபாட்டின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. எனவே 1 மி.மீ. பிழை 10 செ.மீ. வேறுபாட்டில் அரை விழுக்காடு, 1 செ.மீ. வேறுபாட்டில் 5 விழுக்காடு.

வெளியேறும் பக்கத்து வால்வை முழுவதும் மூடி, குழாயில் நீர் நிரம்பியிருக்கும்போது இரு புயங்களும் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள். நிற்காவிட்டால் இணைப்புக் குழாய்களில் ஒன்றில் காற்று தங்கியிருக்கும். நீர் இருக்க வேண்டிய இடத்தில் காற்று இருப்பதால் அப்பக்கத்தின் அழுத்தம் குறைவாகத் தெரிகிறது. செங்குத்துப் பகுதியில் 19 மி.மீ. நீளக் காற்றுத்துண்டு ஒன்றே பாதரசத்தை 1.5 மி.மீ. நகர்த்தும், இதிலும் கணக்கு அதே 12.6 தான். அது தொண்டைப் பக்கத்தில் இருந்தால் வேறுபாடு மிகையாகக் காட்டும்; உங்கள் குணகம் குறைந்ததும் அதனோடு பொருந்துகிறது.

கேள்வி கேட்டவர்

இன்று பார்த்தோம், ஐயா. வால்வை மூடியபோது தொண்டைப் பக்கப் பாதரசம் 1.5 மி.மீ. உயர்ந்தே நின்றது. மேனோமீட்டரின் மேலுள்ள திருகைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றியபின் இரண்டும் சமமாயின. மீண்டும் சிறிய ஓட்டத்தில் அளந்தபோது வேறுபாடு 1.1 செ.மீ., அதே 25 லிட்டர் நிரம்ப 48.5 நொடிகள், குணகம் 0.96. நேற்றைய அளவீடுகளை நீக்கிவிட்டு, எல்லாத் திறப்புகளையும் புதிதாக எடுத்துக்கொண்டிருக்கிறோம்.