ஓடிக்கொண்டிருந்த கார் திடீரென்று மொத்தமாக அணைந்துவிட்டது, எங்கே பார்ப்பது?

கேள்வி:
வணக்கம். பள்ளத்தில் இறங்கி ஏறியதும் மீட்டர், விளக்கு, பாட்டு எல்லாம் ஒரே நொடியில் போய், இன்ஜினும் நின்றுவிட்டது. ஸ்டீயரிங்கைத் திருப்பவே முடியவில்லை. எப்படியோ ஓரங்கட்டிவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. கடிகாரம் மட்டும் 12:00-க்குப் போய்விட்டது. பேட்டரி போன மாதம்தான் மாற்றியது. பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரா, சாவி திருப்பும் இக்னிஷன் சுவிட்சா? பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகவே பயமாக இருக்கிறது.

பதில் 1:
இரண்டுமே இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆல்டர்னேட்டர் போனால் முதலில் பேட்டரி விளக்கு எரியும், அப்புறம் ஹெட்லைட் மங்கும், இப்படிப் பட்டென்று போகாது. இக்னிஷன் சுவிட்ச் கோளாறு என்றால் கடிகாரம் அழியாது, ஏனென்றால் அதற்குச் சாவியை எடுத்த பிறகும் பேட்டரியிலிருந்து கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். அதுவே அழிந்திருக்கிறது என்றால் பேட்டரி பக்கத்திலேயே இணைப்பு விட்டுப்போகிறது. இன்ஜினை அணைத்துவிட்டு பேட்டரியில் வயர் மாட்டியிருக்கும் இரண்டு டெர்மினலையும் கையால் திருகிப் பாருங்கள், துளிகூட அசையக் கூடாது. எர்த் வயர் (பேட்டரி நெகட்டிவிலிருந்து வருவது) பாடியில் சேரும் போல்ட்டையும், மெயின் ஃபியூஸ் இணைப்பையும் பாருங்கள்.

பதில் 2:
மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் ஈயக்கட்டை மேலேயே வைத்து (அதைக் கவ்வியிருக்கும் வயர் கிளாம்ப் மேல் அல்ல), மறு முனையை இன்ஜினின் சுத்தமான உலோகத்தில் வைத்து, ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. இன்ஜின் ஓடும்போது டெர்மினலைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிக்கச் சொல்பவர்கள் உண்டு, தயவுசெய்து செய்யாதீர்கள், வோல்டேஜ் எகிறி இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) போய்விடும்.

கேள்வி கேட்டவர்:
நெகட்டிவ் கிளாம்ப் கையாலேயே சுற்றுகிறது! உள்ளே வெள்ளையாகப் பொடி. நட்டை முறுக்கிவிட்டேன், போதுமா?

பதில் 1:
போதாது. பொடி இருக்கும்வரை தொடர்பு அரைகுறைதான். நெகட்டிவை முதலில் கழற்றி, பிறகு பாசிட்டிவ், இரண்டையும் பளபளக்கத் தேய்த்து, மாட்டும்போது நெகட்டிவைக் கடைசியாக மாட்டுங்கள். முழுக்க முறுக்கியும் கிளாம்ப் சுற்றினால் அது விரிந்துபோயிருக்கிறது, மாற்றிவிடுங்கள். பேட்டரியை இறுக்கிப் பிடிக்கும் பட்டையும் ஆடக் கூடாது, பள்ளத்தில் குதிக்கிற பேட்டரி டெர்மினலைத் தளர்த்திக்கொண்டே இருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் ஓடும்போது அணைந்தால், பிரேக்கைத் திரும்பத் திரும்ப விட்டு விட்டு மிதிக்காதீர்கள், பிரேக்கை லேசாக்கும் பூஸ்டரில் ஓரிரு மிதிக்குத்தான் வேக்குவம் இருக்கும். ஒரே அழுத்தாக அழுத்தி நிறுத்துங்கள். வண்டி நிற்கும்வரை சாவியை உருவவே வேண்டாம், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.