சார்கோபீனியா, டைனபீனியா: இரண்டுக்கும் ஒரே சொல் போதுமா?

> சார்கோபீனியாவைத் 'தசை மெலிவு' என்றே எழுதலாமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். சார்கோபீனியா என்பது மூப்பினால் தசை குறைவது. மாவுக்கட்டுப் போட்ட கை ஆறு வாரத்தில் சூம்பிப்போவதும் தசை மெலிவுதான். அது இருபது வயதிலும் நடக்கும். மூப்பு என்பது சொல்லுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சார்கோபீனியா என்பது 1989-இல் ஆய்வாளர் இர்வின் ரோசன்பர்க் வைத்த பெயர். கிரேக்கத்தில் சார்க்ஸ் என்றால் சதை, பீனியா என்றால் வறுமை. ஆக, அது சதையின் அளவைப் பற்றிய சொல். ஆனால் தள்ளாத வயதில் சதை வற்றுவதைவிட வலு வேகமாகக் குறைகிறது. தசையை ஏவும் நரம்பணுக்கள் குறைகின்றன. சட்டென்று சுருங்கும் இழைகள்தான் அதிகம் சிறுக்கின்றன. அதனால்தான் கிளார்க், மனினி என்ற ஆய்வாளர்கள் 2008-இல் வலுக்குறைவுக்கு டைனபீனியா என்று தனிப்பெயர் வைத்தார்கள்.

என் பாட்டிக்கு 88 வயது. தொடை பார்க்க நன்றாகத்தான் இருக்கும். நாற்காலியை விட்டு எழ இரண்டு கையையும் ஊன்றி, முன்னும் பின்னும் ஒருமுறை ஆடி, 'முருகா' என்றுதான் எழுவார். "காலு இருக்குடா, திராணிதான் இல்ல" என்பார். டைனபீனியாவுக்கு இதைவிட நல்ல விளக்கம் நான் படித்ததில்லை.

என் முன்மொழிவு: சார்கோபீனியா – மூப்புத் தசைக்குறை, டைனபீனியா – மூப்பு வலுக்குறை. 'இழப்பு' வேண்டாம். 1990-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில் 90 வயதை ஒட்டிய முதியோர் இல்லவாசிகள் எட்டு வாரம் எடைப் பயிற்சி செய்தார்கள். வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. திரும்பி வருவதை இழப்பு என்று எப்படி எழுதுவது?

---

> மூப்பு வலுக்குறை

முதல் சொல் சரி. இரண்டாவதற்குப் பாட்டியின் சொல்லையே எடுத்துக்கொள்வோம்: மூப்புத் திராணிக்குறை. வடமொழி வேர் என்று எதிர்ப்பு வரும், வரட்டும். முன்பொருவர் வலிமைக்கு 'மொய்ம்பு' என்றார். எனக்கு மொய்ப்பணம்தான் நினைவுக்கு வந்தது.

அப்புறம், கைப்பிடி வலு அளக்கும் கருவிக்கு நாம் இன்னும் பெயர் வைக்கவில்லை. சார்கோபீனியாவுக்கான ஆசிய வல்லுநர் குழு 2019-இல் ஆண்களுக்கு 28, பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழ் இருந்தால் வலுக்குறைவு என்று வரம்பு வைத்தது இந்தக் கருவியின் அளவைத்தான். வெப்பமானி போல, 'பிடிமானி' என்றால் ஒப்புவீர்களா?