உயிர்த் தகவலியலில் முழு நிதியுதவியுடன் முனைவர் பட்ட ஆய்விடம் தேடுவது எப்படி?

கேள்வி:
உயிரியல் தரவுகளைக் கணினி கொண்டு ஆராயும் உயிர்த் தகவலியலில் முதுகலைப் படிப்பை முடிக்கும் தறுவாயில் இருக்கிறேன். பைத்தான், ஆர் ஆகிய நிரல்மொழிகள் தெரியும். ஆர்என்ஏ வரிசைத் தரவுகளைக் கொண்டு ஆய்வேடு எழுதியிருக்கிறேன். பல்கலைக்கழகச் சேர்க்கைப் பக்கங்களில் கட்டண விவரமே முன்னால் நிற்கிறது. நிதியுதவி உள்ள இடங்களை எங்கே தேடுவது, பேராசிரியர்களுக்கு நேரடியாக எழுதலாமா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
சேர்க்கைப் பக்கங்களை விட்டுவிட்டு வேலைவாய்ப்புப் பக்கங்களைப் பாருங்கள். ஜெர்மனி, நெதர்லாந்து, சுவீடன் போன்ற நாடுகளில் முனைவர் பட்ட ஆய்வாளர் பெரும்பாலும் ஒப்பந்தமும் மாதச் சம்பளமும் உள்ள பணியாளராகவே அமர்த்தப்படுவதால், அவ்விடங்கள் ஏனைய பணியிடங்களோடு சேர்த்தே விளம்பரப்படுத்தப்படுகின்றன. ஐரோப்பிய ஆய்வுப் பணியிடங்களை வெளியிடும் யூராக்சஸ் தளத்தில் தொடங்கலாம். கணினிசார் உயிரியல், மரபணுத்தொகுதியியல், உயிர்ப்புள்ளியியல் ஆகிய தலைப்புகளிலும் தேடுங்கள். உங்களுக்குப் பொருந்தும் இடங்களில் பல அங்கேதான் இருக்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் முனைவர் பட்ட ஆய்வாளர்களைப் பணியமர்த்தும் மரி ஸ்க்லோடோவ்ஸ்கா-கியூரி முனைவர் வலையமைப்புகளில் எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் பணியில் சேர்வதற்கு முந்தைய 36 மாதங்களில், சேரவிருக்கும் நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வசித்தோ படித்தோ பணியாற்றியோ இருக்கக் கூடாது. முதுகலைக்காக ஈராண்டு தங்கிய நாட்டில் உடனே இவ்வாய்ப்பு கிடைக்காது. பக்கத்து நாட்டில் கிடைக்கலாம்.

பதில் 2:
தனி விளம்பரங்களைத் தவிர, ஆண்டுதோறும் ஆள் எடுக்கும் திட்டங்களும் உண்டு. ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகமான எம்பிள், ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் சர்வதேச ஆய்வுப் பள்ளிகள் ஆகியவை அவ்வகை. அமெரிக்க உயிரியல் துறைகள் பலவற்றில் கட்டண விலக்கும் உதவித்தொகையும் சேர்க்கையோடே வந்துவிடும். முதலாண்டில் சில ஆய்வகங்களில் சுழற்சி முறையில் பணியாற்றிய பிறகே வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பீர்கள். அவற்றின் கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பரை ஒட்டியே வரும்.

பதில் 3:
நேரடியாக எழுதலாம், ஆனால் பணம் இருக்கும் இடத்துக்கு எழுத வேண்டும். புதிதாக மானியம் பெற்ற ஆய்வுக் குழுவே ஆள் தேடும். ஐரோப்பிய ஆய்வு மன்றம் தன் மானியம் பெற்றோர் பட்டியலை ஆண்டுதோறும் வெளியிடுகிறது; அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் ரிப்போர்ட்டர் தளத்தில் ஒரு திட்டம் என்று தொடங்கி என்று முடிகிறது என்பதைக் கூடப் பார்க்கலாம். அடுத்த ஆண்டு முடியும் மானியத்தை நம்பி எழுதுவது, என் கருத்தில், வீண் வேலை.

கடிதம் நான்கு பத்திகளுக்குள் இருக்கட்டும். "தங்கள் ஆய்வு என்னைக் கவர்ந்தது" என்பதை எல்லோரும் எழுதுகிறார்கள், யாரும் நம்புவதில்லை. மாறாக, அக்குழுவின் கட்டுரை ஒன்றின் தரவை மரபணு வெளிப்பாட்டுத் தரவுகளைப் பொதுவில் வைத்திருக்கும் ஜியோ களஞ்சியத்திலிருந்து இறக்கி, அதிலுள்ள ஒரு படத்தை நீங்களே மீண்டும் உருவாக்கி, நிரலை, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் இட்டு, எந்த இடத்தில் உங்கள் முடிவு வேறுபட்டது என்பதை இரண்டு வரிகளில் எழுதுங்கள். உங்கள் திறனை அதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்றிதழ் இல்லை.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. விளம்பரத்தில் "முழு நிதியுதவி" என்றிருந்தால் வேறெதையும் கேட்க வேண்டியதில்லையா?

பதில் 1:
கட்டாயம் கேளுங்கள். எத்தனை ஆண்டுகளுக்குப் பணம் உறுதி, வெளிநாட்டு மாணவருக்கான கூடுதல் கட்டணத்தை யார் செலுத்துவார்கள், மருத்துவக் காப்பீடு அதில் அடங்குமா என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்கிய பிறகு சம்மதம் சொல்லுங்கள்.