வார்டில் சாப்பாட்டு நேரம்: உங்களுக்கு நடந்தது என்ன?

தஞ்சாவூரான்:
அப்பாவுக்கு கன்னத்துல புற்று. ரேடியேஷன்ல வாய் வெந்து கிடந்த நேரம். டாக்டர் ரவுண்ட்ஸ்னு, நோயாளி கூட இருக்குற அட்டெண்டர் எல்லாரையும் வெளிய அனுப்பிட்டாங்க. சாப்பாட்டு வண்டியும் அப்பதான் வரும். திரும்ப உள்ள போறேன், தட்டு லாக்கர் மேல இருக்கு, அவருக்குக் கை எட்டாது. வலது கையில டிரிப்ஸ் வேற. சாம்பார் சாதம் காஞ்சு கட்டியாயிருச்சு. தட்டு எடுக்க வந்த அக்கா, "என்ன பெரியவரே, பசிக்கலையா?"ன்னுட்டு அள்ளிட்டுப் போயிட்டாங்க. சார்ட்டைப் பார்த்தா 'டயட் டேக்கன்'னு, அதாவது சாப்பிட்டாச்சுன்னு எழுதியிருக்கு. அதுதான் இன்னும் ஆற மாட்டேங்குது.

மல்லிகா_ராம்:
அம்மாவுக்கு கீமோ. வண்டி லிஃப்டை விட்டு வரும்போதே வாடைக்கு ஓங்கரிப்பாங்க. எவர்சில்வர் ஸ்பூன் வாயில பட்டா துரு நக்குற மாதிரி இருக்குன்னாங்க. பக்கத்து பெட் பையன் ஐஸ்கிரீம் ஸ்பூன் ஒண்ணு நீட்டினான். ஆறின தயிர்சாதம் நாலு வாய் இறங்குச்சு. கையில கொடுத்த டயட் தாள்ல என்ன தெரியுமா? ஆரஞ்சு ஜூஸ். வாயெல்லாம் புண்ணு!

ஓய்வுபெற்ற_சிஸ்டர்:
தஞ்சாவூர் தம்பி, நர்ஸைக் குறை சொல்றது சுலபம். ஒரு பாட்டிக்குக் கஞ்சி ஊட்டிட்டிருந்தேன். பக்கத்து பெட்ல ரத்தம் ஏறிட்டிருந்தவருக்கு நடுக்கம் கண்டுச்சு, போட்டது போட்டபடி ஓடினேன். வந்து பார்த்தா பாட்டி தூங்கிட்டாங்க. யாரைத் திட்டுவீங்க?
அட்டெண்டருக்குச் சொல்றேன், கேட்டுக்கோங்க. வாந்தி மாத்திரையை சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடியே கேட்டு வாங்குங்க. நல்லா நிமிர்த்தி உட்கார வெச்சு ஊட்டுங்க, முடிஞ்சு அரை மணி படுக்க விடாதீங்க, புரையேறும். ஒரு நாளைக்கு, ஒரு கிலோ எடைக்கு 25-30 கலோரி வேணும். 50 கிலோ ஆளுக்கு 1,250-க்குக் குறையக் கூடாது. வெறும் அரிசிக் கஞ்சி எந்த மூலைக்கு? பருப்பை மசிச்சு நெய் விடுங்க, பால் பவுடர் கலக்குங்க. ஒரு முட்டையில புரதம் 6 கிராம்தான், அதனால முட்டை கொடுத்தாச்சுன்னு இருந்துடாதீங்க. வாராவாரம் எடை பாருங்க. ரைல்ஸ் டியூப், அதான் மூக்கு வழியா வயித்துக்குப் போற சாப்பாட்டுக் குழாய், போடணும்னா அழாதீங்க.

தஞ்சாவூரான்:
சிஸ்டர், நான் நர்ஸை எங்க சொன்னேன்? ரவுண்ட்ஸையும் சாப்பாட்டையும் ஒரே நேரத்துல வெச்சவங்களைச் சொல்றேன். இங்கிலாந்துல பல ஆஸ்பத்திரிகள்ல சாப்பாட்டு நேரத்துல அவசரமில்லாத ரவுண்ட்ஸைத் தள்ளி வெக்கிறாங்க. ஊட்டிவிட வேண்டியவங்களுக்குச் சிவப்புத் தட்டு. இங்க வண்டியை அரை மணி தள்ளி விட்டாலே போதுமே. டியூப் அப்பாவுக்கும் போட்டாங்க, அதுக்கப்புறம்தான் எடை இறங்குறது நின்னுச்சு.

குமரன்_மதுரை:
சிவப்புத் தட்டெல்லாம் இருக்கட்டும். கால், அரை, முழுசுன்னு எவ்வளவு சாப்பிட்டாங்கன்னு சார்ட்ல எழுதினாலே பெரிய விஷயம். எங்க மாமா கேட்டவங்ககிட்டயெல்லாம் சாப்பிட்டேன்னுதான் சொல்வார். தலகாணி உறை மாத்தும்போது பார்த்தா உள்ள அத்தனையும் பிரட். இப்ப அவருக்கும் டியூப்தான். சிஸ்டர், சத்துமாவுக் கஞ்சியை வடிகட்டி அதுல விடலாமா, அடைச்சுக்குமா?