ரங்கிடோட்டோ எரிமலைத் தீவுக்கு 6 வயது, 3 வயதுக் குழந்தைகளோடு போகலாமா?

ஹாமில்டன் அம்மா:
வணக்கம். நாங்கள் நியூசிலாந்துக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. பள்ளியில் எரிமலைப் பாடம் நடத்தியதில் இருந்து பெரியவனுக்கு (6 வயது) வேறு பேச்சே இல்லை. அடுத்த மாதம் ஆக்லாந்து வரும்போது ரங்கிடோட்டோவுக்குக் கூட்டிப் போகலாம் என்று இருக்கிறோம். சின்னவளுக்கு 3 வயது, ஸ்ட்ரோலர் தள்ள முடியுமா? சாப்பாடு அங்கே கிடைக்குமா? உச்சி வரை இவர்களால் ஏற முடியுமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

மேற்கு ஆக்லாந்துக்காரன்:
கண்டிப்பாகப் போங்கள் சகோதரி. நாங்கள் போன பிப்ரவரியில் போனோம். மகனுக்கு அப்போது 7, மகளுக்கு 4.

முதலில் ஸ்ட்ரோலரை மறந்துவிடுங்கள். பாதை முழுக்க உடைந்த கருங்கல் சரளை, சக்கரம் உருளாது. முதுகில் சுமக்கும் கேரியர் எடுத்துக்கொள்ளுங்கள். செருப்பும் வேண்டாம், மூடிய ஷூ போடுங்கள். அந்தக் கல்லில் விழுந்தால் முட்டி உரிந்துவிடும்.

தீவில் கடையே கிடையாது, தண்ணீரும் கிடைக்காது. மழை பெய்தால்கூடப் பாறை இடுக்கு வழியாகக் கீழே இறங்கிவிடும், ஓடை என்று ஒன்று இல்லை. நாங்கள் நான்கு பேருக்கு மூன்று லிட்டர் கொண்டுபோனோம், இறங்கும்போது பாட்டில் காலி. கறுப்புப் பாறை வெயிலை அப்படியே வாங்கித் திருப்பி அடிக்கிறது. ஆளுக்கு ஒன்றரை லிட்டராவது வையுங்கள். புளிசாதம், தயிர்சாதம், முறுக்கு எல்லாம் இறுக்கி மூடும் டப்பாவில் இருக்கட்டும். எலி போன்ற, வெளியிலிருந்து வந்து காட்டைக் கெடுக்கும் விலங்குகள் எல்லாவற்றையும் ஒழித்து, அவை இல்லாத தீவு என்று 2011இல் அறிவித்தார்கள். அதனால் கிளம்பும் முன் பையைக் கொட்டிப் பார்த்து எறும்பு, விதை இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஷூவில் ஒட்டிய மண்ணையும் துடைத்துவிடுங்கள். குப்பையைத் திரும்ப எடுத்து வர வேண்டும்.

நகர மையத்திலிருந்து ஃபெரியில் சுமார் 25 நிமிடம். அந்த நேரத்தில் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் சொல்லிவிடுங்கள்: இங்கே நெருப்பு தெரியாது. நாங்கள் சொல்லாமல் போனோம். இறங்கியதும் மகன் "தீ எங்கேப்பா?" என்று கேட்டு முகம் வாடிப்போனான். சுமார் 600 வருடத்துக்கு முன் கடலுக்குள்ளிருந்து வெடித்து எழுந்த மலை இது. ஆக்லாந்தின் ஐம்பதுக்கும் மேற்பட்ட எரிமலைகளில் கடைக்குட்டியும் இதுதான், பெரியதும் இதுதான். இந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் அதை நேரில் பார்த்திருக்கிறார்கள். பக்கத்துத் தீவான மோட்டுடாப்புவில், அன்று விழுந்த சாம்பலில் மனிதர்களும் நாய்களும் நடந்த காலடித் தடங்கள் கிடைத்தன. இதைச் சொன்ன பிறகுதான் என் மகன் கல்லைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தான்.

ஒரு துண்டை அவன் கையில் கொடுத்தேன். ஆப்பம் போல உடம்பெல்லாம் ஓட்டை. மாவு வேகும்போது குமிழி வெடித்து ஓட்டை விழுகிறதே, அதுபோல எரிமலைக் குழம்புக்குள் இருந்த வாயு வெளியேறிய இடங்கள் என்றேன். உடனே புரிந்துகொண்டான். தீவில் இருக்கும் குகையும் அப்படித்தான். பால் ஆறும்போது மேலே ஏடு படிகிற மாதிரி குழம்பின் மேல்பரப்பு இறுகிவிட, உள்ளே இருந்தது ஓடி வடிந்துவிட்டது. மிஞ்சிய குழாய்க்குள்தான் நாம் நுழைகிறோம். ஆளுக்கொரு டார்ச் வேண்டும், ஃபோன் வெளிச்சம் போதாது. மகள் பயந்ததால் நானும் மனைவியும் முறை வைத்து உள்ளே போனோம்.

உச்சி 259 மீட்டர். பெரியவர்களுக்கு ஒரு மணி நேரம், எங்களுக்கு இரண்டு. கடைசியில் படிக்கட்டும் பலகைப் பாதையும் உண்டு. ஆனால் உச்சியைவிட எங்கள் பிள்ளைகளுக்குப் பிடித்தது வழியில் நிழலில் இருந்த ஒரு பெரணி. சிறுநீரக வடிவத்தில் இலை, வறட்சியில் சுருண்டு காய்ந்து கிடந்தது. மகள் பாட்டில் மூடியில் தண்ணீர் எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டாள். குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். சுருள் மெதுவாகப் பிரிந்து, கண்ணாடித்தாள் மாதிரி வெளிச்சம் ஊடுருவும் பச்சையாக விரிந்தது. மண்ணே இல்லாத பாறையில் காடு எப்படி வந்தது என்று அவளுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அதனால் உச்சிக்குப் போயே தீர வேண்டும் என்று பிள்ளைகளை இழுக்காதீர்கள்.

திரும்பும் ஃபெரி நேரத்தை மட்டும் கையில் எழுதிக்கொள்ளுங்கள். கடைசிப் படகு போய்விட்டால் வாடகைப் படகைக் கூப்பிட வேண்டும், செலவு அதிகம்.

மூன்று பிள்ளைகளின் அம்மா:
அண்ணா சொன்னது எல்லாம் சரி. ஆனால் 3 வயதுக் குழந்தைக்கு அந்த வெயிலில் நாள் முழுக்க என்பது கொஞ்சம் அதிகம்தான். சின்னவளுக்கு முடியாவிட்டால் மவுங்காஃபாவ் (ஈடன் மலை) போங்கள். நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. 50 மீட்டர் ஆழக் குழியை விளிம்பில் நின்றே பார்க்கலாம். உள்ளே இறங்காதீர்கள், மாவோரி மக்களுக்கு அது புனிதமான இடம். 'மாட்டாஹோவின் கிண்ணம்' என்று அதற்குப் பெயர், மாட்டாஹோ அவர்களின் எரிமலைத் தெய்வம். என் பையன் "அவ்வளவு பெரிய கிண்ணத்தில் என்ன சாப்பிடுவார்?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான்.

ஹாமில்டன் அம்மா:
இருவருக்கும் மிக்க நன்றி. அப்பாவும் மகனும் தீவுக்கு, நானும் மகளும் ஈடன் மலைக்கு என்று முடிவு செய்துவிட்டோம். ஒரே ஒரு கேள்வி: அவன் ஒரு கல் எடுத்து வரலாமா? வகுப்பில் காட்ட ஆசைப்படுகிறான்.

மேற்கு ஆக்லாந்துக்காரன்:
வேண்டாம், அது பாதுகாக்கப்பட்ட இடம். என் மகனும் ஒன்றைப் பையில் போட்டிருந்தான், ஃபெரி ஏறும் முன் எடுத்த இடத்திலேயே வைக்கச் சொன்னேன். கண் கலங்கிவிட்டது. அப்புறம் ஒரு தாளைக் கல்லின் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்தோம், ஓட்டைகள் அத்தனையும் படிந்தன. அந்தத் தாளைத்தான் வகுப்புக்குக் கொண்டுபோனான். உங்கள் மகனுக்கும் தாளும் பென்சிலும் கொடுத்து அனுப்புங்கள்.