லாங் ரன் முடிந்த மறுநாளே தொண்டை கட்டுகிறது. என்ன தப்பு?

நாலரைமணி:
ஜனவரி சென்னை மாரத்தானுக்குப் பயிற்சி. மூன்றே வாரத்தில் வாரம் 40 கி.மீ.யிலிருந்து 58 ஆகியிருக்கிறது. ஞாயிறு 28 கி.மீ.: காலை 4.30க்கு பிளாக் காபி மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பி, வழியில் வெறும் தண்ணீர். திங்கள், செவ்வாயில் கரகரப்பு, சளி. 6 வாரத்தில் இது மூன்றாவது தடவை. தினம் வைட்டமின் சி 1000 மி.கி., ஜிங்க் 50 மி.கி. போட்டும் நிற்கவில்லை. எடை 68 கிலோ. இன்னும் என்ன சேர்க்கலாம்?

மெதுவோட்டம்:
சேர்க்க வேண்டியது மாத்திரை இல்லை ப்ரோ, சாப்பாடு. வெறும் வயிற்றில் மூன்று மணி நேரம் ஓடினால் ரத்தச் சர்க்கரை இறங்கும், கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் ஏறும். வெள்ளையணுக்களின் வேலையை மட்டுப்படுத்துவது அந்தக் கார்ட்டிசால்தான்.

கிளம்ப 45 நிமிடம் முன்பு இரண்டு வாழைப்பழம். ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. கடையில் விற்கும் எனர்ஜி ஜெல் கட்டாயமில்லை: அரை லிட்டர் தண்ணீரில் தலைதட்டி இரண்டரை மேஜைக்கரண்டி சர்க்கரை (30 கிராம்), கால் டீஸ்பூன் உப்பு, எலுமிச்சை. இதைவிடக் கெட்டியாகக் கலந்தால் வயிற்றிலேயே தங்கிக் குமட்டும். பசிக்கும்வரை காத்திருக்காதீர்கள், முதல் அரை மணியிலேயே தொடங்குங்கள்.

முடித்து ஒரு மணி நேரத்துக்குள் 70 கிராம் மாவுச்சத்து, 20-25 கிராம் புரதம். இட்லியோடு மூன்று முட்டை, ஒரு டம்ளர் பால் என்றால் கணக்கு சரி. குளித்து, அரட்டையடித்து, 11 மணிக்கு டிபன் என்பதுதான் நம் ஊர் வழக்கம். அங்கேதான் கோட்டை விடுகிறோம். மாரத்தான் பயிற்சியோடு எடையும் குறைக்கிறீர்கள் என்றால் அதை முதலில் நிறுத்துங்கள்.

உப்புத்தண்ணி:
அந்த ஜிங்கை நிறுத்துங்கள். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 40 மி.கி.தான் உச்சவரம்பு. மாதக்கணக்கில் தாண்டினால் தாமிரம் உடலில் சேராது, வெள்ளையணுக்களே குறையும். எதற்காகப் போடுகிறீர்களோ அதற்கே உலை!

வைட்டமின் சி வீண் என்று சொல்ல மாட்டேன். மாரத்தான் ஓட்டக்காரர்கள், பனிச்சறுக்கு வீரர்கள், ராணுவத்தினர் என 598 பேரிடம் நடந்த 5 ஆய்வுகளில் சளி பாதியாகக் குறைந்தது. ஆனால் 1000 மி.கி.யை மாதக்கணக்கில் விழுங்கினால் தசை பயிற்சிக்குப் பழகும் வேகம் மட்டுப்படலாம். 100 கிராம் கொய்யாவிலேயே 200 மி.கி.க்கு மேல் இருக்கிறது. வைட்டமின் டி மட்டும் ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். 20 ng/mLக்குக் கீழ் என்றால் டாக்டர் சொல்லும் அளவில் எடுக்கலாம், குத்துமதிப்பாக வேண்டாம்.

மூன்றுவிளையாட்டு:
வெள்ளையணுக்கள் பற்றி மேலே சொன்னதில் ஒரு திருத்தம். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு ரத்தத்தில் லிம்ஃபோசைட் (ஒரு வகை வெள்ளையணு) குறைவது உண்மை. ஆனால் அவை பெரும்பாலும் சாவதில்லை, நுரையீரல், குடல் பக்கம் இடம் மாறுகின்றன என்று இப்போது பலர் வாதிடுகிறார்கள். அதனால் ஓட்டத்தை மட்டும் குறை சொல்லாமல் தூக்கத்தையும் பாருங்கள். மூக்கில் சளி வைரஸ் விட்டுச் சோதித்த 2015 ஆய்வில், 7 மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட 6 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நாலு மடங்குக்கும் மேல். சனி இரவு 11க்குப் படுத்து 3.30க்கு எழுந்தால் நாலரை மணி நேரம்தான். 40லிருந்து 58 என்பதும் அவசரம். வாரம் 4-5 கி.மீ. ஏற்றி, நாலாவது வாரம் இறக்குங்கள். அடுத்தவர் பாட்டிலில் வாய் வைக்காதீர்கள்.

நாலரைமணி:
நன்றி. இப்போது மூக்கடைப்பு மட்டும்தான், காய்ச்சல் இல்லை. புதன் இன்டர்வெல் (வேகமாகவும் மெதுவாகவும் மாற்றி மாற்றி) ஓடலாமா?

மூன்றுவிளையாட்டு:
இன்டர்வெல் வேண்டாம். கழுத்துக்கு மேல் மட்டும் தொல்லை என்றால் 20-30 நிமிடம், பேசிக்கொண்டே ஓடும் வேகம். முதல் 10 நிமிடத்தில் உடம்பு கனத்தால் திரும்பிவிடுங்கள். நெஞ்சில் சளி, உடம்புவலி, காய்ச்சல் இருந்தாலோ, காலையில் படுக்கையில் எண்ணும் நாடித்துடிப்பு வழக்கத்தைவிட 8-10 கூடியிருந்தாலோ ஓட்டமே கூடாது. மழைக்காலக் காய்ச்சலுக்கு ஐபுபுரூஃபன் போடாதீர்கள். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவில் முடியலாம். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு, அன்றே டாக்டரிடம் போய் ரத்தப் பரிசோதனை.