வாடகை வீட்டுக்கு முன்பணம்: பத்து மாதமா, மூன்று மாதமா?

கும்பகோணம் வீட்டுக்காரர்: எங்கள் வீட்டு மாடியை மாதம் 9,000 ரூபாய் வாடகைக்கு விட இருக்கிறேன். வெள்ளையடிப்பு, புது மோட்டார், தரகர் கமிஷன் என்று ஆள் குடிவருவதற்கு முன்பே பெருந்தொகை கையைவிட்டுப் போய்விடுகிறது. ஆகவே பத்து மாத வாடகையை முன்பணமாகப் பெற்று, அதிலிருந்தே இச்செலவுகளை ஈடுகட்டுவதில் தவறில்லை என்று கருதுகிறேன். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்க வேண்டுகிறேன்.

திருவாரூர் வாசகர்: மறுக்கிறேன் ஐயா. முன்பணம் உங்களிடம் இருக்கும் பிறர் பணம். 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறுவிதமான ஒப்பந்தம் இல்லாத நிலையில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறக் கூடாது என்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நிலுவை போக மீதியைத் திருப்பித் தரவும் சொல்கிறது. 90,000 ரூபாயை மோட்டாரிலும் சுண்ணாம்பிலும் போட்டுவிட்டால், அடுத்து வருபவரின் முன்பணத்தை வாங்கித்தான் இவருக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். இடையில் வீடு பூட்டிக் கிடந்தால் எதை எடுத்துக் கொடுப்பீர்கள்?

கும்பகோணம் வீட்டுக்காரர்: வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்று அந்தச் சட்டமே இடம் தருகிறதே. இருவரும் மனமொப்பிக் கையெழுத்திட்ட பிறகு மூன்றாமவருக்கு அதில் என்ன வருத்தம்?

மன்னார்குடி குடித்தனக்காரர்: மனமொப்பி என்பதை நான் ஏற்கவில்லை. பிள்ளைகளின் படிப்புக்காகக் கிராமத்திலிருந்து நகரத்துக்கு வரும் குடும்பங்கள் பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில்தான் வீடு தேடுகின்றன. மேட்டூர் அணை திறப்பதும் வழக்கமாக அந்த ஜூன் 12ஆம் நாள்தான்; கையிருப்பு முழுவதும் குறுவை நாற்றங்காலுக்கும் உழவுக்கும் போயிருக்கும் அந்த நேரத்தில், பத்து மாத முன்பணம் கேட்டால் நகையை அடகு வைக்காமல் அவர்கள் எப்படித் தருவார்கள்? உங்களிடம் வட்டியில்லாமல் கிடக்கும் அதே பணத்துக்கு அவர்கள் மாதந்தோறும் வட்டி கட்டுகிறார்கள். வெள்ளையடிப்பும் மின்கம்பிப் பழுதும் குழாய் மாற்றுவதும் உரிமையாளர் பொறுப்பு என்று அதே சட்டத்தின் அட்டவணை பிரித்துச் சொல்லியிருக்கிறது; குழாய்த் திருகு மாற்றுவதும் சாக்கடை அடைப்பு எடுப்பதும் எங்கள் பொறுப்பு, அதை நாங்கள் மறுக்கவில்லை. மின்கட்டணத்தையும் சொல்லிவிடுகிறேன்: வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்றிருக்க, யூனிட்டுக்கு இவ்வளவு என்று உரிமையாளரே ஒரு விலை வைத்து முதல் யூனிட்டிலிருந்து வாங்குவது எங்களுக்குச் சேர வேண்டியதைப் பறிப்பதாகும்.

தஞ்சாவூர் கணக்காளர்: இரு தரப்புக்கும் பொதுவாகச் சிலவற்றைச் சொல்கிறேன். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ முன்பணமாக வாங்கினால் ரொக்கமாக வாங்காதீர்கள், வங்கி வழியாகவே வாங்குங்கள். வருமான வரிச் சிக்கலும் வராது, பிற்காலத்தில் தொகை எவ்வளவு என்ற சச்சரவும் எழாது. வாடகை வருமானத்தில், நீங்கள் கட்டிய சொத்து வரியைக் கழித்த பின், செலவு செய்தாலும் செய்யாவிட்டாலும் 30 விழுக்காடு கழிவு கிடைக்கிறது. பழுதுச் செலவுக்கென்றே சட்டம் தரும் இடம் அது. வாடகையில் மாதம் 1,000 ரூபாயை அஞ்சலகத் தொடர் வைப்பில் போட்டு வந்தால் அடுத்த முறை வெள்ளையடிக்க யாருடைய முன்பணத்தையும் தொட வேண்டியதில்லை. முன்பணத்தைத் தனியே வங்கியில் நிரந்தர வைப்பாக வையுங்கள்.

கும்பகோணம் வீட்டுக்காரர்: வங்கி வழியாகப் பெறுவதையும் தனியே வைப்பதையும் ஏற்கிறேன், மின்கட்டணத்துக்கும் மாடிக்குத் தனி இணைப்பு கேட்டிருக்கிறேன். ஆனால் மூன்று மாதம் போதாது. வாடகையைக் கொடுக்காமலேயே பல மாதங்கள் இருந்துவிட்டுப் போனவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

திருவாரூர் வாசகர்: இரண்டு மாத வாடகை நிலுவையாகி, கேட்பு அறிவிப்புக் கொடுத்து ஒரு மாதத்துக்குள்ளும் செலுத்தாவிட்டால், வாடகை நீதிமன்றத்தில் வெளியேற்றக் கோரலாம். அந்த இரண்டும் ஒன்றும் சேர்ந்த மூன்று மாதத்தைத்தான் முன்பணம் தாங்குகிறது. நிலுவையை எட்டு மாதம் வளரவிட்டுப் பிறகு முன்பணம் போதவில்லை என்பது எப்படி நியாயமாகும்?

கும்பகோணம் வீட்டுக்காரர்: வழக்குத் தொடுத்த அன்றே வீடு கைக்கு வந்துவிடாது ஐயா, வழக்கு நடக்கும் மாதங்களின் வாடகைக்கு யார் பொறுப்பு? ஐந்து மாதம் என்று குறைத்துக்கொள்கிறேன், அதற்குக் கீழே இறங்க மாட்டேன். அதையும் ஒப்பந்தத்தில் எழுதி, வாடகை அதிகாரியிடம் முறையாகப் பதிவு செய்கிறேன்.